ஓவியம் காட்டிக் கண்ணைப் பழக்குவது: மருத்துவ மாணவர்களுக்கான ஆன்லைன் வகுப்பை நான்கு வழிகளில் எப்படி நடத்தலாம்?

மருத்துவ மாணவர்களுக்கு ஓவியங்களைக் காட்டி உற்றுநோக்கப் பழக்கும் வகுப்பை ஆன்லைனில் நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. கால அட்டவணையில் கிடைத்தது இரண்டு மூன்று மணி நேரம்தான். ஜூமில் கலந்துரையாடலாக வைக்கலாம் என்கிறார் ஒருவர். கேன்வாஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் பயிற்சித் தொகுதியாக ஏற்றிவிட்டால் மாணவர்கள் தங்கள் நேரத்தில் முடித்துக்கொள்வார்கள் என்கிறார் இன்னொருவர். கலைக்கூடத்தாரையே அழைக்கலாமே என்பது மூன்றாமவர் யோசனை. மாணவர்களை வரையச் சொல்லலாம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் கூட்டத்தில் சிரிப்பு எழும். ஆனால் ஆள்பலம் குறைந்த துறைக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

வழிகளை எடைபோடுமுன் ஆதாரம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மனும் அங்குள்ள பிரிட்டிஷ் கலை மையத்தின் லிண்டா ஃப்ரீட்லேண்டரும் 1990களின் கடைசியில் தொடங்கிய வகுப்பைப் பற்றிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஹார்வர்ட் மாணவர்களுக்கு நடந்த வகுப்பைப் பற்றிய ஆய்வு 2008இல் வந்தது. 2018இல் வந்த ஃபிலடெல்ஃபியா ஆய்வு இன்னும் கறாரானது. முதலாண்டு மாணவர் 36 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒன்றரை மணி நேர வகுப்புகள் ஆறு நடத்தினார்கள். மறுபாதிக்கு அருங்காட்சியக உறுப்பினர் அட்டை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். கண் நோய்ப் படங்களை விவரிப்பதில் பயிற்சி பெற்றவர்கள் முன்னேறினார்கள். அட்டை மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஓவியத்தின் முன்னால் ஆளை நிறுத்தினால் மட்டும் கண் பழகிவிடாது. பயிற்சி அளித்த விதம்தான் வேலை செய்கிறது. அடுத்து, அந்தப் பயிற்சி மொத்தம் ஒன்பது மணி நேரம். மேலே சொன்ன மூன்றும் அருங்காட்சியகத்தில் நேரில் நடந்தவை. ஒரு மணி நேர ஜூம் வகுப்பிலிருந்து அதே பலனை எதிர்பார்த்து அறிக்கை எழுதினால் பிறகு சங்கடம் உங்களுக்குத்தான்.

எதை வைத்து அளப்பது

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி: கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரிக்கும்படி இந்த வழி மாணவரைக் கட்டாயப்படுத்துகிறதா? "ரத்தசோகை மாதிரி இருக்கிறது" என்பது ஊகம். "கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறது" என்பது பார்த்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நோயின் பெயரைச் சொல்வதில் காட்டும் அவசரம்தான் அவர்கள் கண்ணை மூடுகிறது. இந்த ஒன்றில் தோற்கும் வழி மற்றவற்றில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் பயனில்லை.

இரண்டாவது, எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்களா? நேரில் நடக்கும் வகுப்பில் எழாத கேள்வி இது. ஆன்லைனில் ஒருவர் 27 அங்குலத் திரையில் பார்ப்பார். இன்னொருவர் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கைப்பேசியில் பார்ப்பார். மூன்றாமவர் மடிக்கணினியில் இரவு நேர நீலஒளி வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும். படம் முழுவதும் மஞ்சள் பூத்துத் தெரியும். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்கும் பயிற்சியில் இது சின்னக் கோளாறு அல்ல.

மூன்றாவது, பேசத் தயங்கும் மாணவருக்கும் இதில் இடம் உண்டா? நான்காவது, ஆசிரியர்களின் மணிநேரம் எவ்வளவு போகிறது? ஐந்தாவது, ஓவியத்தில் கற்றது வார்டுக்குப் போய்ச் சேர வகுப்புக்குள்ளேயே பாலம் இருக்கிறதா?

வழி 1: ஜூமில் நேரலைக் குழு உரையாடல்

இதில் அதிகம் புழங்குவது 'விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ்' முறை. உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த ஃபிலிப் யெனவைனும் உருவாக்கியது. நடத்துநர் கேட்பது மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? மாணவர் சொன்னதை நடத்துநர் வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு இணைப்பார். சரி, தவறு என்று சொல்ல மாட்டார். ஓவியரைப் பற்றிய தகவலும் தர மாட்டார்.

எளிதாகத் தெரியும். ஆனால் நடத்திப் பார்த்தால்தான் இரண்டாவது கேள்வியின் பலம் புரியும். பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த அறுவடைக் காட்சி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தடியில் சிலர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறார். இந்தப் படத்தை மருத்துவ மாணவர்களிடம் காட்டினால் உரையாடல் இப்படிப் போகும்:

"இவர் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார்."
"குடித்திருக்கிறார் என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?"
"கிடக்கிற விதம்… கை கால் போட்டது போட்டபடி இருக்கிறது."
"உடம்பு தளர்ந்து கிடப்பதைக் கவனிக்கிறீர்கள். இன்னும் என்ன தெரிகிறது?"
"வெயிலில் வேலை செய்தவர். மயங்கியிருக்கலாம்."
"மயக்கம் என்பதற்குப் படத்தில் என்ன இருக்கிறது?"
"வயலில் மற்றவர்கள் வேலை செய்கிறார்கள்… ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் பதற்றப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் தூங்குகிறார் போல."

குடி, மயக்கம், தூக்கம் என்று மூன்று ஊகங்களும் ஒரே உடல்நிலையை வைத்துச் சொன்னவை. அவற்றைத் தரம்பிரிக்க உதவியது ஆளைச் சுற்றி இருந்த காட்சி. அவசரச் சிகிச்சைப் பிரிவில் படுக்கையைச் சுற்றி நிற்பவர்களையும் பார்க்க வேண்டும் என்பதை விரிவுரையில் சொன்னால் மாணவர் குறிப்பு எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். இங்கே அவரே கண்டுபிடிக்கிறார்.

ஒரு குழுவுக்கு 10 முதல் 12 பேர் வரை வைத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடத்துக்கு மூன்று படங்கள் போதும்: இரண்டு ஓவியங்கள், கடைசியில் ஒரு நோயாளி படம். ஒவ்வொரு படத்துக்கும் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது. 2001இல் வெளியான, மெட்ரோபாலிட்டனில் எடுக்கப்பட்ட கணக்கு ஒன்றின்படி பார்வையாளர் ஓர் ஓவியத்தின் முன் செலவிடும் நேரம் சராசரியாக 27 விநாடி. இடைநிலை அளவு, அதாவது எல்லோரின் நேரத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 17 விநாடிதான். ஜூமில் இரண்டு நிமிட மௌனம் இருபது நிமிடம் போல நீளும். அதைப் பொறுக்காமல் முதலில் வாய் திறப்பவர் அநேகமாக டியூட்டராகத்தான் இருப்பார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பேசுபவர் சொன்ன கோணத்திலேயே மற்றவர்களும் பார்க்கத் தொடங்குவது இன்னொரு சிக்கல். மௌனம் முடிந்ததும் எல்லோரும் ஆளுக்கு ஒரு வரியை சாட்டில் தட்டச்சு செய்து, நடத்துநர் சொன்ன பிறகு ஒரே நேரத்தில் அனுப்பட்டும். பேசத் தயங்குபவரின் கண்டுபிடிப்பும் அப்போது திரைக்கு வந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடாமலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆன்லைன் தரும் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு: விரலால் சுட்டிக்காட்ட முடியாது. ஜூமில் திரைமேல் கோடு போடும் வசதியை அணைத்துவிட்டு, "அங்கே", "இந்தப் பக்கம்" ஆகிய சொற்களுக்கும் தடை போடுங்கள். "இடது கீழ் மூலையிலிருந்து கால்வாசி தூரத்தில்" என்று சொல்லியே ஆக வேண்டும். இரவுப் பணியில் மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு தடிப்பை விவரிக்கும்போது மாணவருக்கு வேண்டியது இந்தத் திறன்தான்.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியர் நேரம். 150 மாணவர், குழுவுக்கு 12 பேர் என்றால் 13 குழுக்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், நடத்துநர் ஒருவர், சாட்டையும் தொழில்நுட்பத்தையும் கவனிக்க இன்னொருவர் என்றால் ஒரே ஒரு சுற்றுக்கு 39 மணிநேரம். ஆறு சுற்று என்றால் 234. நடத்துநர்களுக்கான பயிற்சி இதில் சேரவில்லை. அதைத் தவிர்க்கவும் முடியாது. மாணவர் ஒருவர் தவறாக எதையாவது சொன்னால் திருத்தாமல் இருப்பது நல்ல மருத்துவருக்குக் கைவராத கலை. "அருமை", "மிகச் சரி" என்று பாராட்டும் பழக்கமும் கெடுதல். எந்தப் பதிலுக்குப் பாராட்டு கிடைக்கிறது என்று மாணவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். சக ஆசிரியர்களை வைத்துக் குறைந்தது இரண்டு ஒத்திகை பார்க்காமல் யாரையும் நடத்துநராக அனுப்ப வேண்டாம்.

வழி 2: தானாகச் செய்யும் தொகுதி

நிர்வாகத்துக்குப் பிடித்த வழி. ஒருமுறை கட்டிவிட்டால் ஆண்டுதோறும் ஓடும், வார்டுப் பணியோடு மோதாது, பேசத் தயங்குபவருக்கும் சம இடம் கிடைக்கும். படத்தைப் பெரிதாக்கி நேரம் எடுத்துப் பார்க்க இதைவிட வசதியான வழி இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் வெளியிட்ட ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' படம் 717 கிகாபிக்சல். வண்ணப்பூச்சின் வெடிப்புகூடத் தெரியும்.

ஆனால் முதல் அளவுகோலில் இது தடுமாறுகிறது. "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்" என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லை. அந்த வேலையைப் படிவம்தான் செய்ய வேண்டும். ஒரே பெரிய பெட்டியைக் கொடுத்து "விவரிக்கவும்" என்று போட்டால் கதை எழுதுவார்கள். மூன்று பெட்டிகளாகப் பிரியுங்கள். முதலாவதில் கண்ணால் பார்த்தது மட்டும், குறைந்தது 12 வரி. "சோகம்", "வறுமை", "நோய்" போன்ற சொற்களுக்கு இங்கே அனுமதி இல்லை. இரண்டாவதில் ஊகம், ஒவ்வோர் ஊகத்துக்கும் எதிரே முதல் பெட்டியின் எந்த வரி ஆதாரம் என்று எண்ணைக் குறிக்க வேண்டும். மூன்றாவதில், இந்த ஊகம் தவறென்றால் படத்தில் வேறு என்ன இருந்திருக்கும் என்ற கேள்வி. ஆதார எண் இல்லாத ஊகத்துக்கு மதிப்பெண் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டால், இரண்டாவது படத்திலேயே எழுத்தில் மாற்றம் தெரியும்.

கலந்துரையாடல் பகுதி வைத்தால், தன் பதிலைப் போட்ட பிறகே மற்றவர் பதில் தெரியும்படி அமைப்பை மாற்றுங்கள். கேன்வாஸிலும் அதைப் போன்ற மூடில் தளத்திலும் இந்த வசதி இருக்கிறது. மாற்ற மறந்தால் முதலில் பதிவிட்டவரின் பதிலே 150 வடிவங்களில் திரும்பி வரும்.

இன்றைக்குப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. படத்தை ஏஐ சாட்போட்டில் ஒட்டினால் பன்னிரண்டு என்ன, நாற்பது வரிகள் வந்துவிடும். தலைப்பை நீக்கினாலும் புகழ்பெற்ற ஓவியத்தை அது அடையாளம் கண்டுவிடும். எழுத்துக்குப் பதிலாக 90 விநாடிக் குரல் பதிவு கேட்கலாம். படத்தை 60 விநாடி மட்டும் காட்டி மறைக்கலாம். தாளில் கையால் கிறுக்கிய வரைபடத்தைப் படமெடுத்து ஏற்றச் சொல்லலாம். மூன்றில் எதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கடைசியானதில் ஏமாற்ற ஆகும் சிரமத்தைவிடச் செய்துவிடுவது சுலபம்.

"ஒருமுறை கட்டினால் போதும்" என்பது பாதி உண்மைதான். 150 பேர், மூன்று படம், படத்துக்கு 120 சொல் என்றால் படிக்க வேண்டியது 54,000 சொற்கள். ஒரு பதிலுக்கு இரண்டே நிமிடம் ஒதுக்கிக் கருத்துச் சொன்னாலும் 15 மணிநேரம். யாரும் படிப்பதில்லை என்று மாணவர்களுக்குத் தெரிந்த அன்று தொகுதி செத்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் 20 பதில்களை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து குறைகளைப் பத்து நிமிடக் காணொளியாகப் பேசிப் போடுவது தாங்கக்கூடிய நடுவழி.

வழி 3: கலைக்கூடத்தார் நடத்தும் நேரலை

முன்னாள் உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறக்கப்பட்ட நமது சிங்கப்பூர்த் தேசிய கலைக்கூடம் போன்ற இடங்களில் படத்தைப் பற்றிப் பேசக் கற்ற கல்வியாளர்கள் இருப்பார்கள். மருத்துவரிடம் இல்லாத ஒரு நிதானம் அவர்களிடம் உண்டு. நோயின் பெயரைச் சொல்லும் அவசரம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பெயரே அவர்களுக்குத் தெரியாது என்பது இங்கே நன்மை.

தவறு நடப்பது பெரும்பாலும் கோரிக்கை விடுக்கும்போதுதான். "மருத்துவ மாணவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி" என்று மட்டும் கேட்டால் கிடைப்பது மெய்நிகர் சுற்றுலா: ஓவியர் வாழ்க்கை, காலகட்டம், பாணி. கேட்க இனிமையாக இருக்கும். மாணவர் கண் வேலை செய்திருக்காது. முதல் பதினைந்து நிமிடம் ஓவியத்தைப் பற்றிய எந்தத் தகவலும் தர வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை படம், படத்துக்கு எவ்வளவு நேரம், யார் எப்போது பேசுவது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். மருத்துவர் ஒருவரும் கூடவே இருந்து கடைசி அரைமணி நேரத்தை நோயாளி படத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலில் மருத்துவரும் கலை மையத்தவரும் இணைந்து நடத்தியது அலங்காரத்துக்காக அல்ல. ஒருவரால் முடியாததை மற்றவர் செய்தார். முன்கூட்டி இரண்டு சந்திப்புகளுக்காவது நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்தச் சந்திப்பு நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பின்னால் நேரில் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போகும் திட்டம் இருந்தால் இந்த வழிக்கு மதிப்பு கூடும். அது இல்லாமல், ஒரே ஒரு ஆன்லைன் அமர்வுக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று யோசிக்க வேண்டும்.

வழி 4: இருவராகப் பிரிந்து சொல்லி வரைதல்

ஒருவருக்குப் படம் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லச் சொல்லத் தெரியாதவர் வரைவார். நேரில் செய்தால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைக்க வேண்டும், பக்கத்துக் குழுவின் சத்தமும் காதில் விழும். ஜூமில் மாணவர்களைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூம் இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. நான்கு வழிகளில் ஆன்லைனில் நேரில் நடப்பதைவிட நன்றாக நடப்பது இது ஒன்றுதான்.

தேவை: ஆளுக்கு ஓர் ஏ4 தாள், பென்சில். அழிப்பான் கூடாது. 40 மாணவர் என்றால் 20 அறைகள். ஒரே டியூட்டர் போதும்.

1. அறைகளைத் திறக்குமுன் 'அ' மாணவர்களுக்கு மட்டும் படத்தின் இணைப்பைத் தனித்தனியாக அனுப்புங்கள். பொதுச் சாட்டில் போட்டுவிட்டால் பயிற்சி அத்தோடு முடிந்தது.
2. ஒரு நிமிடம் 'அ' பேசாமல் படத்தைப் பார்ப்பார்.
3. எட்டு நிமிடம் 'அ' விவரிப்பார், 'ஆ' வரைவார். 'ஆ' கேள்வி கேட்கலாம். பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது: "மீன்" இல்லை, "உள்ளங்கை நீளம், இரண்டு முனையும் கூர், ஒரு முனையில் விசிறி போல விரிகிறது".
4. இரண்டு நிமிடம் இருவரும் படத்தையும் தாளையும் ஒப்பிட்டு, எந்தச் சொல் எந்தக் கோட்டைக் கெடுத்தது என்று குறிக்க வேண்டும்.
5. இடம் மாறி, வேறு படத்தோடு மீண்டும். இந்த முறை அது தோல் மருத்துவப் படம்.
6. எல்லோரும் திரும்பியதும் 15 நிமிடம் பொது உரையாடல்.

முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லா ஜோடிகளும் ஒரே இடத்தில் சறுக்கும்: அளவும் இடமும் சொல்லாமல் நேராக உருவத்துக்குத் தாவிவிடுவார்கள். தாளின் நடுவில் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்துவிடும், மற்றதற்கு இடம் இருக்காது. அந்தத் தாளைத் திரையில் காட்டிவிட்டு இரண்டாம் சுற்றுக்கு முன்னால் வரிசையைச் சொல்லிக்கொடுங்கள்: இடம், எண்ணிக்கை, அளவு, வடிவம், விளிம்பு, நிறம், மேற்பரப்பு, பரவியிருக்கும் விதம். தோல் மருத்துவத்தில் விவரிக்கும் வரிசைதான் இது. பாடமாகக் கேட்டால் மறந்துபோகிற பட்டியல், சக மாணவர் கையில் படம் கெட்டுப்போனதைப் பார்த்த பிறகு நினைவில் நிற்கும். வார்டுக்கான பாலம் பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. "எனக்கு வரைய வராது" என்ற முனகல் நிச்சயம் எழும். மதிப்பெண் சொன்னவருக்குத்தான், வரைந்தவருக்கு இல்லை என்று முதலிலேயே அறிவித்தால் அடங்கும். வேகமான இணையம் இல்லாதவர் பாதியில் விழுந்தால் ஜோடி உடைந்துவிடும். மூவர் கொண்ட அறை ஒன்றிரண்டைத் தயாராக வையுங்கள். முக்கியமான குறை: இது கண்ணையும் சொல்லையும் பழக்குகிறது, பல ஊகங்களைத் தாங்கிப் பிடித்து எடைபோடும் திறனைப் பழக்குவதில்லை. அதற்கு முதல் வழிதான் வேண்டும்.

ஒரே பார்வையில்

| | குழு உரையாடல் | தானாகச் செய்யும் தொகுதி | கலைக்கூட நேரலை | சொல்லி வரைதல் |
|---|---|---|---|---|
| பார்த்தது / ஊகித்தது பிரிப்பு | மிக நன்று, நடத்துநர் திறமையைப் பொறுத்தது | படிவத்தைப் பொறுத்தது | கோரிக்கையைப் பொறுத்தது | நன்று |
| ஒரே படம் தெரிகிறதா | சிக்கல் உண்டு | சிக்கல் உண்டு | சிக்கல் உண்டு | பெரிதாகப் பாதிக்காது |
| பேசத் தயங்குபவர் | சாட் வழியாக | நன்று | ஒளிந்துகொள்ளலாம் | ஒளிய இடமில்லை |
| 150 பேருக்கு ஒரு சுற்று | 39 மணிநேரம் | சுமார் 15 மணிநேரம், கட்டுமானம் தனி | குழு எண்ணிக்கையைப் பொறுத்தது | 40 பேர் வீதம் 4 அமர்வுகள், சுமார் 4 மணிநேரம் |
| வார்டுக்குப் பாலம் | மூன்றாவது படம் | தனியாகச் சேர்க்க வேண்டும் | மருத்துவர் இருந்தால் மட்டும் | உள்ளேயே இருக்கிறது |

எந்த வழியானாலும்: திரையும் படமும்

வகுப்புக்கு முந்தைய நாள் அனுப்பும் குறிப்பில் மூன்று வரிகள் போதும்: கைப்பேசி வேண்டாம்; நீலஒளி வடிகட்டியையும் நிறத்தைத் தானாக மாற்றும் வசதியையும் அணையுங்கள்; திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஜூமில் திரையைப் பகிரும்போது காணொளிக்கு ஏற்றதாக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். அது அசைவைச் சீராக்குவதற்காகத் தெளிவைக் குறைக்கும். எப்படியானாலும் பகிர்ந்த படம் சற்று மங்கும் என்பதால் அருங்காட்சியகப் பக்கத்தின் இணைப்பையும் மாணவர்களுக்குக் கொடுங்கள்.

படத் தேர்வில் உள்ளூர் ஆசை ஒன்று வரும். சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' மிகச் சிறந்த படம். வட்ட மேசை, அதைச் சுற்றிலும் பல இனத்தவர், கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள். ஆனால் இங்கே படித்த மாணவர்களுக்கு அது அறிமுகமானது. பார்ப்பதை விட்டுவிட்டு வரலாற்றுப் பாடத்தை ஒப்பிப்பார்கள். தெரிந்த படத்தைத் தெரியாததாக்க அதன் ஒரு பகுதியை மட்டும் முதலில் காட்டலாம்.

அறிமுகமானதையே ஆயுதமாக்கும் வழியும் இருக்கிறது. சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று நோட்டை எடுக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஓவியர் சியோங் சூ பியெங் வரைந்த உப்புக்கண்ட மீன் காயவைக்கும் பெண்கள், ஓவியர் சென் வென் சி வரைந்த கிப்பன் குரங்குகள், அவற்றோடு வீணை உட்பட இசைக்கருவிகள். பல ஆண்டு கையில் புழங்கியதில் வீணை இருப்பதைத் தமிழ் மாணவரே விட்டுவிடுவார். ஐந்து நிமிடத் தொடக்கப் பயிற்சிக்கு இதைவிட மலிவானது இல்லை. கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் காலத்தில் பையில் நோட்டு வைத்திருக்கும் மாணவர் கிடைப்பாரா என்பது வேறு விஷயம்.

ஓவியத்தில் இருப்பவருக்கு நோய் கண்டுபிடிக்கும் விளையாட்டைத் தவிர்த்துவிடுங்கள். மோனாலிசாவின் கண்ணோரம் கொழுப்புப் படிவு, ரெம்பிராண்டின் பத்சேபாளுக்கு மார்பகப் புற்று என்றெல்லாம் மருத்துவ இதழ்களில் பேச்சு உண்டு. மாணவர்களுக்குக் குஷியாக இருக்கும். ஆனால் எந்த அவசரத்தைக் குறைக்க வந்தோமோ அதையே இது ஊட்டி வளர்க்கிறது.

தோல் நிறத்துக்குத் தனிக் கவனம் தேவை. ஐரோப்பிய ஓவியங்களை மட்டுமே காட்டினால் வெளிறிய தோலில் சிவப்பு எப்படித் தெரியும் என்று மட்டுமே கண் பழகும். கருமையான தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சாம்பலாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியலாம். இங்குள்ள பலதுறை மருந்தகத்தில் உட்காரப்போகும் மாணவர் சீன, மலாய், தமிழ் முகங்களை ஒரே காலைப்பொழுதில் பார்ப்பார். அதனால் தத்ரூபமாக வரைந்த தென்கிழக்காசிய உருவப்படங்களைச் சேர்த்து, "பழுப்பு" என்ற சொல்லை மட்டும் தடைசெய்து அந்தக் கன்னத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று கேளுங்கள். பாணியாக்கிய உருவங்கள் இதற்கு உதவாது. அதன் பின் காட்டும் நோயாளி படம், ஒட்டும் பொட்டின் பசையால் நெற்றியில் வட்டமாக நிறம் இழந்த தோலாக இருக்கலாம். விளிம்பு இவ்வளவு சீரான வட்டமாக இருப்பது ஏன் என்ற கேள்வியே மாணவரைக் காரணத்துக்கு அழைத்துப்போகும்.

உரிமை விஷயத்தில் சுலபமான பாதை, பொதுவுடைமையான படங்கள். மெட்ரோபாலிட்டன் 2017 முதல் அத்தகைய படங்களைத் தடையின்றித் தருகிறது. ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் பதிவிறக்கலாம். சிங்கப்பூரில் ஓவியர் மறைந்து 70 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. சியோங் சூ பியெங் மறைந்தது 1983இல், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் கல்விப் பயன்பாட்டுக்கு விலக்குகள் இருந்தாலும், படத்தைத் தொகுதிக்குள் ஏற்றுமுன் பல்கலைக்கழக நூலகத்தைக் கேட்பதும், முடிந்தவரை இணைப்பை மட்டும் தருவதும் நல்லது. நோயாளி படங்களுக்கு ஒப்புதல் எந்தப் பயன்பாட்டுக்காகப் பெறப்பட்டது என்று பாருங்கள். வார்டில் கைப்பேசியில் எடுத்ததை ஜூமில் காட்டும் எண்ணமே வேண்டாம். அமர்வைப் பதிவு செய்வதாக இருந்தால் மாணவர்களுக்கு முன்பே தெரிவியுங்கள். பதிவு ஓடுகிறது என்று தெரிந்ததும் தவறாகச் சொல்லத் துணிபவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பதால், பதிவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை.

யாருக்கு எது

பயிற்சி பெற்ற நடத்துநர் இருவராவது இருந்து, மாணவர் 40 பேருக்குள் என்றால் முதல் வழிதான். நான்கு முதல் ஆறு அமர்வுகளாகப் பரப்புங்கள். மொத்த வகுப்பும் 150ஐத் தாண்டி, ஆசிரியர் ஒருவரே என்றால் சொல்லி வரைதலை எல்லோருக்கும் வைத்து, இரண்டு வாரம் கழித்து மூன்று பெட்டிப் படிவத்தோடு ஒரு சிறு தொகுதி கொடுங்கள். மாணவர்கள் வெவ்வேறு மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கும் ஆண்டுகளுக்குத் தொகுதி மட்டுமே சாத்தியம். அப்போது குரல் பதிவையோ வரைபடத்தையோ கட்டாயமாக்குங்கள். கலைக்கூடத்தோடு ஏற்கெனவே தொடர்பு இருந்து, நேரில் போகும் நாளும் குறித்தாகிவிட்டது என்றால் மூன்றாம் வழியை அதற்கு முன்னோட்டமாக வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் முன்னும் பின்னும் ஒரு சோதனை வேண்டும். இரண்டு நோயாளி படத் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு முதலில் ஒன்று, பின்னர் மற்றது. மீதிப் பேருக்குத் தலைகீழாக. அப்படிச் செய்யாவிட்டால் முன்னேறியது கண்ணா, இரண்டாம் தொகுப்பு எளிதா என்று சொல்ல முடியாது. படத்துக்கு மூன்று நிமிடம். திருத்துபவருக்கு எது முன்சோதனைத் தாள், எது பின்சோதனைத் தாள் என்று தெரியக்கூடாது. வரிகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் வளவளவென்று எழுதியவர் ஜெயிப்பார். ஆதாரமில்லாத ஊகத்துக்கு மதிப்பெண்ணைக் கழியுங்கள். பின்சோதனையை வகுப்பு முடிந்த அன்றே வைக்காமல் ஆறு வாரம் தள்ளி, வார்டுப் பணி தொடங்கிய பிறகு வையுங்கள்.